ஓட்டுநருக்கு மட்டும் தெரியும் வெளிச்சம்

மார்கழியில் காலை ஏழு மணி வாக்கில் ஊத்துக்கோட்டைப் பக்கம், ஆரணியாற்றை ஒட்டிய வயல் வரப்பில் ஏறி நின்று பாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் தாழ்வாக இருக்க வேண்டும். பயிரிலும் புல்லிலும் பனி முத்துமுத்தாக நிற்க வேண்டும். உங்கள் நிழல் பனைமர நீளத்துக்குப் பயிரின்மேல் படுத்துக் கிடக்கும். அந்த நிழலின் தலையைச் சுற்றி மட்டும் வெள்ளையாக ஓர் ஒளி நிற்கும். சாமி படங்களில் தலைக்குப் பின்னால் வரைவார்களே, ஏறக்குறைய அப்படி. நீங்கள் நடந்தால் அதுவும் நடக்கும். குனிந்தால் குனியும்.

பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக் காட்டிப் பாருங்கள். "உன் தலையில ஒண்ணும் இல்லையே, என் நிழல்லதான் வெளிச்சம் தெரியுது" என்பார். உங்களுக்கோ அவர் நிழல் வெறும் கறுப்பு. இருவர் சொல்வதும் உண்மை.

16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனுட்டோ செல்லினி இதே ஒளியைத் தன் நிழலில் கண்டார். கடவுள் தன் தலையில் வைத்த அடையாளம் என்று நம்பித் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியும் வைத்தார். புல் பனியில் நனைந்திருக்கும்போது நன்றாகத் தெரிகிறது என்பதையும் மறக்காமல் குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பில்தான் விடை இருக்கிறது. ஒவ்வொரு பனித்துளியும் ஒரு சிறு லென்ஸ். வெயிலைக் குவித்துத் தனக்குப் பின்னால் இருக்கும் இலையின்மேல் ஒரு புள்ளியாக விழச் செய்கிறது. இலையில் பட்டுத் திரும்பும் ஒளி மறுபடி அதே துளிக்குள் நுழைந்து, வந்த வழியிலேயே சூரியனை நோக்கிப் போகிறது. அந்த வழியில் குறுக்கே நிற்பது உங்கள் தலை. ஆகவே உங்கள் கண்ணுக்கு மட்டும் அது கிடைக்கிறது. ஓரடி தள்ளி நிற்பவருக்கு அவருடைய பங்கு தனி.

ஒளி வந்த திசைக்கே திரும்பிப் போகும் இந்தக் குணம், இரவில் சாலையில் நடப்பவரின் உயிரைக் காப்பாற்றக்கூடியது. அதனால்தான் பனித்துளியிலிருந்து தொடங்கினேன்.

வரப்பிலிருந்து ஏறினால் தார்ச்சாலை. ஊத்துக்கோட்டை நாலா பக்கமும் வழி பிரியும் ஊர். கிழக்கே பெரியபாளையம் வழியாகச் சென்னை. தெற்கே பூண்டி வழியாகத் திருவள்ளூர். மேற்கே சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் தாண்டித் திருப்பதி. வடக்கே ஆந்திர எல்லையைக் கடந்து சத்தியவேடு, அதற்கும் அப்பால் ஸ்ரீசிட்டி. தேர்வாய்கண்டிகை சிப்காட்டும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் இந்த வட்டாரத்து ஆட்களைத்தான் ஷிப்டுக்கு ஷிப்டு உள்ளே இழுத்து வெளியே விடுகின்றன. பொழுது சாய்ந்தால் இந்தச் சாலைகளில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும். கம்பெனி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஊருக்குள் நடக்கும் பெண்கள், டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள், மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பும் பெரியவர். அவர்களை உரசிக்கொண்டு டிப்பர் லாரி, கன்டெய்னர், திருப்பதி கார்கள். ஊருக்கு வெளியே வந்துவிட்டால் பல இடங்களில் தெருவிளக்கு கிடையாது. நடைபாதை என்று ஒன்று கிடையாது. தார் முடிகிற இடத்தில் மண், மண் முடிகிற இடத்தில் முள்.

நடந்து போகிற நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காத நம்பிக்கை. தூரத்தில் வண்டி விளக்கு தெரிகிறது. அந்த வெளிச்சம் நம் மேல் படுகிறது, கண் கூசுகிறது. 'இவ்வளவு வெளிச்சத்தில் என்னை அவன் பார்க்காமலா இருப்பான்?' என்று மனசு சொல்கிறது. நானும் பல வருடம் அப்படித்தான் நடந்தேன். அந்தக் கணக்கு தவறு. எவ்வளவு தவறு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி நேராக நம் கண்ணுக்கு வருகிறது. அது ஒருவழிப் பயணம். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் தெரியும். ஓட்டுநர் நம்மைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஒளி நம் மேல் பட்டு, திரும்பிப் போய், அவர் கண்ணில் விழ வேண்டும். நம் சட்டை அதை எப்படித் திருப்பி அனுப்புகிறது? கறுப்புத் துணி தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. மிச்சத்தையும் வயலுக்கு, வானத்துக்கு, முள்ளுக்கு, மரத்துக்கு என்று எல்லாப் பக்கமும் இறைக்கிறது. ஓட்டுநருக்குப் போய்ச் சேருவது அதில் ஒரு துளி. டிம் வெளிச்சத்தில் கறுப்பு உடுத்தி நடப்பவர் முப்பது மீட்டர் வாக்கில் வந்த பிறகே பல ஓட்டுநர்களுக்கு உருவமாகத் தெரிகிறார்.

முப்பது மீட்டர் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். முன்னால் ஏதோ இருக்கிறது என்று கண் கண்டு, மனம் புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தாலும் அதற்குள் கார் 25 மீட்டர் வந்துவிட்டது. மிச்சம் 5 மீட்டர். காய்ந்த சாலை, நல்ல டயர், முழு பிரேக் எல்லாம் இருந்தாலும் அந்த 5 மீட்டரில் வேகம் ஏறக்குறைய 52-க்குத்தான் இறங்கும். முழுதாக நிற்க வேண்டுமானால் அந்தக் காருக்கு மொத்தம் 45 மீட்டர் வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கு அதைவிடவும் அதிகம். அதே கார் 30 கிலோமீட்டரில் வந்திருந்தால் 18 மீட்டருக்குள் நின்றிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஓட்டுநர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே இந்தக் கணக்கில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். குடிக்காமல், போன் பேசாமல், கண்ணை விரித்துக்கொண்டு வருபவருக்கும் இதே கணக்குதான்.

கண்ணின் கதை இன்னும் விசித்திரமானது. இருட்டில் அரை மணி நேரம் நடந்தவரின் கண் இருட்டுக்குப் பழகிவிடுகிறது. கண்பாப்பா விரிந்து, விழித்திரையின் செல்கள் கூர்மையேறி, நிலா வெளிச்சத்தில் சாலையோரத்துக் கல்கூடத் தெரிகிறது. 'பால் மாதிரி நிலா காயுது, டார்ச் எதுக்கு' என்று கிராமத்தில் சொல்வது அவர்கள் கண்ணுக்குச் சத்தியமான உண்மை. ஓட்டுநரின் கண்ணோ தன் விளக்குக்கும் எதிர்வண்டி விளக்குக்கும் பழகிய கண். நிலவு அதற்கு இல்லவே இல்லை. எதிர்வெளிச்சம் நேரே அடிக்கும்போது கண்ணின் லென்சுக்குள் ஒளி சிதறி, பார்வையின் குறுக்கே வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் நடப்பவர் மறைந்தே போகிறார். நடுவில் தடுப்பில்லாத பெரியபாளையம் சாலையில் ஒரு வண்டி தாண்டுவதற்குள் அடுத்த வண்டியின் வெளிச்சம் வந்துவிடும். வயது ஏற ஏற இது மோசமாகும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குச் சேருவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

இவ்வளவு தெரியாமலிருந்தும் ஓட்டுநர்கள் ஏன் இரவில் வேகத்தைக் குறைப்பதில்லை? 1977-இல் ஹெர்ஷல் லைபோவிட்ஸ், ஆல்ஃபிரட் ஓவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நம் பார்வை இரண்டு வேலை செய்கிறது. வழி பார்த்துப் போவது ஒன்று. எதிரில் இருப்பது இன்னது என்று அடையாளம் காண்பது இன்னொன்று. இருட்டினால் கெடுவது இரண்டாவதுதான். முதலாவது அவ்வளவாகக் கெடுவதில்லை. வெள்ளைக் கோடு தெரிகிறது, வளைவு தெரிகிறது, வண்டி அதன்பாட்டில் தடம் மாறாமல் போகிறது. எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றே மூளை நம்புகிறது. தெரியாமல் போனது தெரிவதற்கு வழியே இல்லை. நடப்பவர் ஒரு பக்கம் தான் தெரிவதாக நம்புகிறார், ஓட்டுபவர் இன்னொரு பக்கம் தனக்கு எல்லாம் தெரிவதாக நம்புகிறார். இந்த இரண்டு நம்பிக்கையும் சாலையில் சந்திக்கும் இடத்தில்தான் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர். ஒரு நாளைக்கு 90 பேர். இருட்டு மட்டும் காரணமென்று சொல்ல மாட்டேன். ஆனால் இருட்டுக்குக் கையில் மருந்து இருக்கிறது, அதை நாம் எடுத்துப் பூசிக்கொள்வதில்லை என்பது என் ஆற்றாமை.

நம் பாதயாத்திரைகளின் நிறங்களை நினைத்துப் பாருங்கள். ஐயப்பனுக்குக் கறுப்பு. மேல்மருவத்தூருக்குச் சிவப்பு. பழனிக்குப் பச்சை. ஆடியில் அம்மனுக்கும், புரட்டாசியில் திருமலைக்கும் மஞ்சள். வெயிலுக்குப் பயந்து இந்த நடையெல்லாம் இரவிலும் விடியலுக்கு முன்னும்தான் நடக்கிறது. கறுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பகலில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, பொழுது மங்கும்போது எல்லா நிறத்துக்கும் முன்னால் இருண்டுபோகிறது. செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்க்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தி நேரத்துப் பூக்களைப் பார்த்து இதைக் கண்டுகொண்டார். மங்கலில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறைய தெரியாது. பச்சையும் மஞ்சளும் கொஞ்சம் தேவலாம், வெள்ளை வேட்டி அதைவிடத் தேவலாம். அவ்வளவுதான். சாலைப் பணியாளர்கள் போடும் பளீர் பச்சை மேலாடைகூட இரவில் கைகொடுக்காது. அந்தப் பளபளப்பு சூரியனின் புற ஊதாக் கதிரால் வருவது. ஹெட்லைட்டில் அது அநேகமாக இல்லை.

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் பக்தர்களின் பையிலும் முதுகிலும் காவல்துறையினர் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். முருகனுக்கு அரோகரா போட்டுக்கொண்டே முதுகைக் காட்டி நிற்கும் அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஷிப்டு முடித்து நடக்கும் பெண்ணுக்கும் அதை ஒட்டிவிட யாராவது வேண்டும்.

அந்த ஸ்டிக்கரை நம் ஊரில் எல்லோரும் ரேடியம் என்கிறோம். பஜாரில் நம்பர் பிளேட் எழுதும் கடையில் போய் "ரேடியம் பட்டை ஒரு முழம் குடு தம்பி" என்றால் போதும், கத்தரித்துக் கொடுத்துவிடுவார். பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பழைய கைக்கடிகாரங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். 1898-இல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்த ரேடியத்தைக் கலந்த வர்ணம் கடிகார முட்களில் பூசப்பட்டு இருட்டில் தானாக மின்னியது. அதைப் பூசிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் பலர் எலும்பு அரித்துச் செத்துப்போனார்கள். நம் கடைப் பட்டையில் ஒரு துளி ரேடியமும் கிடையாது, பயப்பட வேண்டாம். இது தானாக மின்னவும் மின்னாது. விளக்கு அடித்தால்தான் உயிர் வரும்.

அதை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லாததுபோல் கிடக்கும் பட்டையில் நுண்மணல் தூவியதுபோல் கண்ணாடி மணிகள் நெருங்கிப் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தலைமுடியின் கனம்கூட இருக்காது. வரப்பில் பார்த்த பனித்துளி இதுதான். தண்ணீர் ஒளியைத் துளிக்குப் பின்னால் சற்றுத் தள்ளிக் குவிக்கும், அங்கே இலை காத்திருக்கும். இந்தக் கண்ணாடி தண்ணீரைவிட அதிகமாக ஒளியை வளைப்பதால் மணியின் முதுகிலேயே குவித்துவிடுகிறது. அங்கே உலோகப் பூச்சு காத்திருக்கிறது. ஒளி பட்டதும் வந்த வழியே திருப்பிவிடுகிறது. நான்கு பக்கமும் இறைப்பதில்லை, ஒரு சிறு கூம்புக்குள் கட்டி அனுப்புகிறது. பாதுகாப்பு உடைகளுக்கான சர்வதேசத் தரத்துக்கு உட்பட்ட பட்டை, அதே அளவுள்ள வெள்ளைத் துணியைவிட ஓட்டுநரின் கண்ணுக்கு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பளிச்சென்று தெரியும். வெள்ளைத் துணியை விட ஆயிரம் மடங்கு! கறுப்புத் துணியை அதனுடன் ஒப்பிடவே வழியில்லை.

மாட்டுக்கு இது பிறவியிலேயே இருக்கிறது. சத்தியவேடு சாலையில் இரவில் படுத்திருக்கும் மாடு தலையைத் திருப்பினால் இரண்டு கண்ணும் பச்சையாக எரியும். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் படலம் உண்டு. பூனைக்கும் நாய்க்கும் உண்டு. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்த பெர்சி ஷா 1934-இல் காப்புரிமை பெற்ற சாலை மின்னிக்குப் பூனைக்கண் என்றே பெயர் வைத்தார். மனிதக் கண்ணுக்கு அந்தப் படலம் இல்லை. சாலையில் மாடும் மனிதனும் நின்றால், தன்னைக் காட்டிக்கொள்ளும் வரம் மாட்டுக்குத்தான்.

சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரில் வேறு வித்தை. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள் ஒன்றின் ரிஃப்ளெக்டரைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே தேனடைபோல் சின்னச் சின்ன மூலைகள். ஒவ்வொன்றும் வீட்டு மூலையைப் போல மூன்று பரப்புகள் செங்குத்தாகச் சேரும் இடம். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை மூலைக்குப் பக்கத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு கட்டையில் பட்டு அடுத்த கட்டையிலும் பட்டால் அது எந்தக் கோணத்தில் போனதோ அதே கோணத்தில் நம்மிடமே திரும்பி வரும். கேரமில் இரண்டு கட்டை, ரிஃப்ளெக்டரில் மூன்று. எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் வந்த பக்கத்துக்கே அனுப்பிவிடும்.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் நிலாவில் இதே மூலைகளில் நூறை ஒரு தட்டில் அடுக்கி வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் அடித்தால் 3,84,400 கிலோமீட்டர் போய்த் திரும்பி வருகிறது. நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுவது அப்படித்தான் அளக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிலாவில் இறங்கிய நம் சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டரிலும் நாசா கொடுத்த குட்டி ரிஃப்ளெக்டர் ஒன்று இருக்கிறது. எட்டு மூலைகள், எடை 20 கிராம். அதே ஆண்டு டிசம்பர் 12-இல் நிலாவைச் சுற்றும் நாசாவின் விண்கலம் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதன்மேல் லேசர் பாய்ச்சிப் பதில் வாங்கியது. நிலாவில் வைத்ததும் சைக்கிள் மட்கார்டில் வைத்ததும் கணிதத்தில் ஒன்றுதான். சேறு அப்பி, உடைந்து, பாதி கழன்று தொங்கும் ரிஃப்ளெக்டரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து மனசு சங்கடப்படும். துணியால் துடைத்தால் போதும், அது மறுபடி வேலை செய்யும்.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் நான் படித்தவற்றிலேயே அழகான விஷயம் இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் சிறு விளக்குப் பொட்டுகள். மற்றபடி கும்மிருட்டு. அவர் அசையாமல் நின்றால் பார்ப்பவர்களுக்கு அது வெறும் புள்ளிக் கூட்டம். ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், "ஆள் நடக்கிறான்" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதுமாம். நடை என்பது நம் மூளைக்கு அவ்வளவு பழகிய தாளம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோவான் உட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்கள். இரவில், அடைத்து வைத்த சாலையில், ஓட்டுநர்களை வண்டி ஓட்டவிட்டு, வழியில் சைக்கிள் மிதிக்கும் ஒருவரைக் கண்டால் சொல்லச் சொன்னார்கள். 2012-இல் வெளியான முடிவு இது. கறுப்பு உடையில் இருந்தபோது கண்டுகொண்டது 2 சதவீதம். பளீர் நிற மேலாடையில் 15 சதவீதம். ஒளிரும் பட்டை வைத்த மேலாடையில் 50 சதவீதம். அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியதும் 90 சதவீதம். நான்கே நான்கு துண்டுப் பட்டை, ஐம்பதைத் தொண்ணூறாக்கிவிட்டது. மிதிக்கும் கால் மேலும் கீழும் போகிறது, ஓட்டுநரின் மூளை 'மனுஷன்' என்று எழுந்து உட்காருகிறது. பெடலின் இரு ஓரத்திலும் மஞ்சளாக ஒரு சிறு ரிஃப்ளெக்டர் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான் பயன்படுகிறது. உடைந்தால் யாரும் மாற்றுவதில்லை.

கணுக்காலுக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. டிம் வெளிச்சம் தரையை நோக்கித் தாழ்ந்து வரும். காரின் விளக்கு 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் தாழ்கிறது என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டர் தொலைவில் அதன் மேல்விளிம்பு 20 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். நெஞ்சுக்கு வெளிச்சம் வந்து சேரும் முன்பே கால் ஒளியில் நனைகிறது. கூத்து கட்டுகிறவர் சலங்கையைக் காலில் கட்டுவது அசைவு அங்கே அதிகம் என்பதால். காதுக்குச் சலங்கை எதுவோ, கண்ணுக்கு இந்தப் பட்டை அது.

பின்லாந்துக்காரர்கள் இதை வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டார்கள். பெர்த்தேலி என்ற ஊரில் பிளாஸ்டிக் சாமான் செய்துவந்த ஆர்வி லெஹ்தி, குதிரை வண்டிகளைக் காப்பாற்றத்தான் முதலில் ரிஃப்ளெக்டர் செய்தார். பிறகு அது ஆட்களின் கோட்டில் நூலில் தொங்கும் சின்னஞ்சிறு வில்லையானது. 1973-இல் வந்த பனிப்பூ வடிவம் இன்னும் விற்கிறது. இருட்டில் நடப்பவர் அதை அணிய வேண்டும் என்று அங்கே சட்டமே சொல்கிறது. நம் ஊரிலும் ஒரு காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். டயரில் உரசிச் சுழலும் டைனமோவின் 'ர்ர்ர்' சத்தம் கேட்டாலே ஆள் வருவது தெரியும். டைனமோவும் போயிற்று, அந்தப் பயமும் போயிற்று. 2020-இல் மத்திய அரசு சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது நல்ல காரியம். சட்டைக்கும் பைக்கும் செருப்புக்கும் அப்படி ஒன்று வந்தால் இன்னும் நல்லது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டை ஒட்டாததால் அடிபட்டான் என்று பழியை நடப்பவர்மேல் போட இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாலையோரத்தில் நடக்க நாலடி இடம் விடாதது நடப்பவரின் குற்றம் அல்ல. ஊருக்குள் 60-இல் வருவதும் அவர் குற்றம் அல்ல. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலையில் உடைந்த உடல்களை ஆயுள் முழுக்கச் சேர்த்துத் தைத்தவர், 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அந்த நடைபாதை சத்தியவேடு சாலைக்கு வரும் நாள் வரட்டும். இன்று ராத்திரி நடக்க வேண்டியவர் இன்று ராத்திரியே தெரிய வேண்டும்.

பட்டை உதவாத இடமும் ஒன்று உண்டு. பஜார் முனையில் இடப்பக்கம் திரும்பும் லாரியின் இடப்பக்கம். கேபினில் உயரே உட்கார்ந்திருப்பவருக்குக் கதவுக்குக் கீழே ஒட்டி நிற்கும் சைக்கிள் பட்டப்பகலிலும் தெரியாது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் நுழைந்து முன்னால் போய்விடலாம் என்று எந்தப் பிள்ளையும் நினைக்க வேண்டாம். லாரி திரும்பி முடிக்கும்வரை பின்னாலேயே நில்லுங்கள். நடப்பவர்களுக்கு, நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, வண்டிகளை எதிர்கொண்டு நடப்பதே நல்லது. அருகில் வரும் வண்டி கண்ணுக்கு முன்னால் இருக்கும், ஒதுங்க ஒரு நொடி கிடைக்கும். இடப்பக்கம் போகும் நம் நாட்டு வண்டிகளின் டிம் வெளிச்சம் அந்த ஓரத்தில்தான் சற்று மேலே தூக்கலாக விழும். சைக்கிள் மட்டும் எப்போதும் வண்டிகளோடு சேர்ந்து இடப்பக்கம்.

சென்ற மாதம் நிலா இல்லாத ஓர் இரவில், வண்டி வராத கிருஷ்ணா கால்வாய்க் கரையில், பக்கத்து வீட்டுப் பையனை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தேன். ப்ளஸ் ஒன் படிக்கிறான். கறுப்பு பேன்ட், கறுப்பு டீ-ஷர்ட். என் போனின் டார்ச்சை நெற்றியோரம், கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். அங்கேதான் பிடிக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் ஒளி கைக்குத் திரும்பிப் போய்விடும், கண்ணுக்கு வராது. அவனை எண்ணிக்கொண்டே நடக்கச் சொன்னேன். முப்பது அடி எண்ணுவதற்குள் அவன் குரல் மட்டும்தான் இருந்தது, ஆள் இல்லை.

திரும்பக் கூப்பிட்டு, கடையில் வாங்கிய பட்டையில் ஒரு விரல் அகலம் இரண்டு கணுக்காலிலும் சுற்றி ஒட்டினேன். மறுபடி நடந்தான். முப்பது, ஐம்பது, எண்பது. இரண்டு வெள்ளைப் பொட்டுகள் இருட்டில் மாறி மாறி ஏறி இறங்கின. நூறாவது அடியிலும் வானத்து நட்சத்திரம் அளவுக்குத் தெரிந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. "ஜோரா தெரியுதுடா!" என்று கத்தினேன்.

அவன் நின்று, குனிந்து தன் காலைப் பார்ப்பது அந்தப் பொட்டுகள் நின்றுபோனதில் தெரிந்தது.

"எங்க மாமா? இங்க ஒண்ணுமே மின்னலையே" என்றான்.